சிங்கப்பூர் விடுமுறை எடுக்கும் இரைச்சல்

3 ஜூன் 2024, திங்கள்

மலேசியப் பேரரசர் பிறந்தநாள். எங்கள் குடியிருப்பு, இந்தத் தாமான் முழுக்க விடுமுறை. எதிர்வீட்டில் காலையிலேயே கரி மூட்டிக் கோழி வாட்டுகிறார்கள். எனக்கு மட்டும் வேலை. உடம்பு ஜொகூர் பாருவில் இருந்தாலும் சம்பளம் சிங்கப்பூரிலிருந்துதானே வருகிறது.

பதினொரு வருடம் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டியாயிற்று. நாலு மணிக்கு அலாரம், நாலே முக்காலுக்குப் பஸ், குடிநுழைவு வரிசையில் நின்றபடியே ஒரு தூக்கம். போன வருடம் முதுகெலும்பில் தட்டு விலகியபோது டாக்டர், "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றார். நிற்காமல் பாலம் தாண்டுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். மே மாதம் தொடக்கம், செப்டம்பர் முப்பது வரை சோதனைக் காலம். கதவுள்ள தனி அறை வேண்டும், ஃபோன் டேட்டாவைத் தொடக்கூடாது, வாடிக்கையாளரோடு பேசும்போது மூன்று முறை இணைப்பு அறுந்தால் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். மே மாதமே வைஃபையில் இரண்டு முறை அறுந்துவிட்டது. மிச்சம் ஒன்று.

"வயர் போடுங்க பிரேமலாக்கா, வைஃபைய நம்பாதீங்க" என்றாள் டீம் லீடர் ஷர்மினி. மாடிப் பின்னறைக்கு வயர் இழுக்க வேண்டுமானால் சாமி அறைச் சுவரைத் துளைக்க வேண்டும். மாமனார் ஒத்துக்கொள்ள மாட்டார். இணையத்தில் தேடி, பெயர் தெரியாத கம்பெனியின் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை வாங்கினேன். ஒன்றைக் கீழே மோடத்துக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி, இன்னொன்றை மேலே என் மேசையருகே செருகினால் வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே இணையம் வந்துவிடுகிறது. பவர்லைன் என்று பெயர். இரண்டு வாரமாக ஒரு குறையும் இல்லை.

இடுப்புதான் வலிக்கிறது.

6 ஜூன், வியாழன்

மாமாவின் ரேடியோவில் ஏதோ கோளாறாம். சாப்பிடும்போது மகனிடம், என் கணவர் கிருபாவிடம், சொல்லிக்கொண்டிருந்தார். "பதினொண்டரைக்குப் போட்டா ஒரே இரைச்சல். தகரக் கூரையில மழை பெய்யிற மாதிரி. தங்கராஜு என்ன அடிக்கிறான் எண்டே கேக்குதில்லை."

மாமா கேட்கும் ரேடியோ பாட்டுப் போடுகிற ரேடியோ இல்லை. பேசுகிற ரேடியோ. லைசென்ஸ் வாங்கி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஜம்பு மரம் வரை கம்பி கட்டி, ஹாலில் ஒரு மூலையைப் பிடித்து வைத்திருக்கிறார். தொலைபேசி இலாகாவில் முப்பத்தொரு வருடம் கேபிள் இழுத்தவர். தங்கராஜு அங்கிள் அவரோடு அதே இலாகாவில் இருந்தவர், இப்போது தங்காக்கில் மகள் வீட்டில். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சர்க்கரையில் கண்ணும் போய்விட்டது. காது கேட்கிறது, வலது கை அசைகிறது; பேனா பிடிக்க வராது, தட்ட வரும். அந்தக் கையால் மோர்ஸ் கட்டையைத் தட்டி, குட்டை ஓசை நெட்டை ஓசையாகத் தமிழை அனுப்புகிறார். மாமா கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதுகிறார். அந்த மனுஷனுக்கு உலகத்தோடு இருக்கும் பேச்சு அவ்வளவுதான், தினம் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு.

ஃபோனில் அடிக்கலாமே என்று கிருபா ஒருமுறை கேட்டார். அடித்தும் பார்த்தார்களாம். ஃபோன் அந்த ஓசையை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. இலாகாக்காரர் இருவர் வீட்டிலும் பழைய தொலைபேசி இல்லை. செருப்புத் தைப்பவன் காலுக்குச் செருப்பில்லை என்பது இதுதான்.

21 ஜூன், வெள்ளி

வெள்ளிக்கிழமை ஜொகூருக்கு வார விடுமுறை. எனக்கு வேலை. நாற்பத்தொரு அழைப்பு.

9 ஜூலை, செவ்வாய்

முதுகு பிடித்துக்கொண்டது. மெடிக்கல் லீவ் போட்டுப் படுத்துவிட்டேன். பதினொன்றரைக்குக் கீழே மாமா சிரிப்பது கேட்டது. மாமா சிரித்துப் பல மாதம் இருக்கும். பிறகு கிருபாவுக்கு ஃபோன் போட்டார். ஹாலில் பேசினால் மாடிப்படி முழுக்கக் கேட்கும். "இண்டைக்குச் சத்தமே இல்லையடா! தங்கராஜு பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு!"

படுத்துக்கொண்டே கேட்டேன். இன்றைக்கு மட்டும் ஏன் இல்லை? இன்று இந்த வீட்டில் வேறு என்ன இல்லை?

எழுந்து போய் மேசையருகே இருக்கும் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு மினுக்கிய அடுத்த நொடி கீழே மாமா, "ஐயோ, வந்திட்டுது!" என்றார். அணைத்தேன். "போயிட்டுது." மறுபடி போடக் கை வரவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

நான்தான். ஒன்றரை மாதமாக நான்தான்.

10 ஜூலை, புதன்

தேடிப் படித்தேன். மலிவான பெட்டி என்றால் இப்படித்தானாம். வீட்டுக் கரண்ட் வயர் முழுக்க ஏரியல் கம்பி ஆகிவிடுமாம், மாமா கேட்கிற அலைவரிசையிலேயே இரைச்சலைக் கொட்டுமாம். சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்தும் நான் சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். இடி மின்னலுக்குப் பயந்து எல்லா சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும் என்பது மாமா போட்ட சட்டம்தான்.

சொல்லிவிடலாம். சொன்னால் பெட்டியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வைஃபை. வைஃபை என்றால் மூன்றாவது முறை. பிறகு நாலு மணி அலாரம். இந்த இடுப்போடு முடியுமா என்னால்?

அதுவும் யாரிடம் சொல்வது? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். மாமாவிடம் நான் நேரே பேசியதை எல்லாம் சேர்த்தால் இந்த நோட்டில் நாலு பக்கம் வராது. சண்டை இல்லை. மரியாதை. அவர்கள் சிலோன் குடும்பம், நான் தோட்டத்துப் பெண். அத்தை இருந்தவரை எல்லாம் அத்தை வழியாகப் போனது. அத்தை போன பிறகு கிருபா வழியாக. "மாமாகிட்ட சொல்லுங்க", "பிள்ளையிட்டக் கேள்." ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டே இப்படி. கிருபாவிடம் சொன்னால் அன்றைக்கே தகப்பனிடம் போய்விடும். அவருக்கு வாயில் பூட்டுக் கிடையாது.

செப்டம்பர் முப்பது வரை. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை நிரந்தரமானதும் நானே சொல்லிவிடுவேன்.

சொல்வேனா?

20 ஜூலை, சனி

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாமா கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்திருக்கிறார். எந்த நாள், எத்தனை மணிக்கு இரைச்சல் வந்தது, எப்போது நின்றது, எல்லாம் பென்சிலில். எட்டு ஐம்பதுக்கு வருகிறது, ஒன்றிலிருந்து இரண்டு வரை இல்லை, ஆறே காலுக்குப் போய்விடுகிறது. பகலில் மட்டும் என்றால் என்ன? சூரியன். சூரியன் என்றால் பக்கத்து வீட்டு விஜயன் கூரையில் புதிதாகப் போட்ட சோலார். தாளை எடுத்துக்கொண்டு நேரே போய்விட்டார். நானும் கிருபாவும் பின்னால் ஓடினோம்.

விஜயன் நல்லவர். தாளை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அங்கிள், வெள்ளிக்கிழமை சத்தம் இருக்கு, சனி ஞாயிறு இல்ல. நம்ம ஜொகூருக்கு வெள்ளி சனிதானே லீவு? சூரியனும் சிங்கப்பூர்ல வேலை பாக்குதா லா?"

கிருபா சிரித்தார். விஜயன் மனைவியும் சிரித்தாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா சிரிக்கவில்லை. "சோலாரை ஒருக்கா நிப்பாட்டிக் காட்டு" என்று குரலை உயர்த்தினார். விஜயனுக்கும் முகம் மாறியது. "என் வீட்டுக் கரண்ட நான் ஏன் அங்கிள் நிறுத்தணும்?" பதினாறு வருடம் தீபாவளிப் பலகாரம் மாறிய வீடு. கேட்டைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வார்த்தை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

27 ஜூலை, சனி

மாமா வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ரேடியோவை பேட்டரியில் போட்டுச் சோதித்தார். இரைச்சல் நம் வீட்டிலிருந்தா என்று பார்க்கவாம். சனிக்கிழமை எங்கே வரும்? "வீட்டுக்குள்ள இல்லை" என்று முடிவு கட்டிவிட்டார்.

வேலை நாளில் பார்க்கலாமே என்றார் கிருபா. "பிள்ளை வேலை செய்யிற நேரத்தில கரண்டை நிப்பாட்டுறதோ? விசர்க் கதை கதைக்காத."

அடுப்படியில் நின்று கேட்டேன். குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

சிங்கப்பூர் தேசிய நாள். கிருபாவுக்கும் எனக்கும் விடுமுறை. எட்டு மணி வரை தூங்கினேன். மேலறைப் பக்கமே போகவில்லை.

பதினொன்றரைக்கு மாமா உட்கார்ந்தவர் பன்னிரண்டே கால் வரை எழவில்லை. தங்கராஜு அங்கிள் பேத்தியின் பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொன்னாராம். பிறகு மாமா ஹாலில் காலண்டர்களுக்கு முன்னால் போய் நின்றார். எங்கள் வீட்டில் இரண்டு தொங்குகின்றன. ஒன்று இங்கே வாங்கியது, ஒன்று கிருபா சிங்கப்பூர் நகைக்கடையிலிருந்து கொண்டுவந்தது. ரொம்ப நேரம் நின்றார். மாமா என்ன தேடுகிறார் என்று கிருபாவிடம் கேட்டேன். "அமாவாச எப்பன்னு பாக்குறாரு போல" என்றார்.

10 ஆகஸ்ட், சனி

வினோதம். மாமா ஒரு பெரிய நங்கா, பலாப் பழத்தைத் தூக்கிக்கொண்டு விஜயன் வீட்டுக்குப் போனார். கேட்டில் நின்று ஏதோ பேசினார். திரும்பி வரும்போது கையில் அவர்கள் வீட்டுக் கேக். என்ன சமாதானம், ஏன் சமாதானம், ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி

இனிமேல் பேச்சு ஒன்று ஐந்துக்காம். பதினொன்றரை தங்கராஜு அங்கிளுக்குத் தோதுப்படவில்லையாம். கிருபா சொன்னார்.

எனக்கு உயிரே வந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வரை என் சாப்பாட்டு நேரம். அப்போது பெட்டி எப்படியும் அணைந்துதான் இருக்கும். யாருக்கும் தெரியாமல் நான் அவர்களுக்கு ஒரு மணி நேரம் தந்துவிடுவேன். கடவுள் இருக்கிறார்.

23 ஆகஸ்ட், வெள்ளி

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கே அணைத்தேன். தட்டில் சோறு ஆறும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து அந்த டிட் டா ஓசையைக் கேட்கிறேன். ஒன்றும் புரிவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மாமா இரைச்சலைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை. பழகிவிட்டது போல.

1 செப்டம்பர், ஞாயிறு

இன்னும் முப்பது நாள்.

16 செப்டம்பர், திங்கள்

மலேசியா தினம். ஐம்பத்திரண்டு அழைப்பு. மதியம் அங்கிள் வரவில்லை. மாமா ஒரு மணி நேரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

20 செப்டம்பர், வெள்ளி

தங்கராஜு அங்கிளுக்குக் காலில் புண் புரையோடி மூவாரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலை எடுக்க வேண்டுமாம். மாமா சரியாகச் சாப்பிடவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று கிருபா கேட்டதற்கு, "போய் என்ன செய்யிறது? அவன் கட்டில்ல தட்டுவான். கட்டில் தட்டினா எல்லாம் ஒரே நீளம். குட்டையும் நெட்டையும் தெரியாது" என்றார்.

23 செப்டம்பர், திங்கள்

அங்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். ஆப்பரேஷனுக்கு அவர் சம்மதிக்கவில்லையாம். மருந்து ஏற்ற ஊசி குத்தக் குத்த மூன்று முறை பிடுங்கிப் போட்டாராம். அவர் மகள் தனலெட்சுமி கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறாள். ஆப்பரேஷன் இல்லாவிட்டால் சில நாள்தான் என்று டாக்டர் சொன்னாராம்.

இன்னும் ஏழு நாள். இப்படி எழுதியதும் எனக்கே கூசியது. யாருக்கு ஏழு நாள்?

24 செப்டம்பர், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு எனக்குப் பெரிய அழைப்பு. ஒரு வாடிக்கையாளர், அவருக்கு நாலு கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, கோபத்தில் இருக்கிறார். ஷர்மினியும் இணைப்பில் இருந்து கவனிக்கிறாள். சோதனைக் கால அறிக்கைக்கான கடைசி அழைப்பு இது. ஒரு காதில் ஹெட்செட்.

மூன்று பத்துக்குக் கீழே மாமாவின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் தனலெட்சுமி. அழுகிறாள். "அங்கிள், காச்சலு கொஞ்சம் எறங்கியிருக்கு. மேசைய தட்டிக்கிட்டே இருக்காரு. என்ன கேட்டாலும் தலைய ஆட்டுறாரு, ஆமாவா இல்லையான்னு வெளங்கல. ரேடியோ செட்டு பக்கத்துல ஒக்கார வச்சிட்டேன். நீங்க ஒங்க செட்ட போடுங்க அங்கிள், என்னதான் சொல்றாருன்னு கேளுங்க."

மாமா போட்டார். மழை மாதிரி அந்த இரைச்சல் மாடிப்படி ஏறி வந்தது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு ஓசை, கிணற்றுக்குள் கொலுசு விழுந்த மாதிரி. வந்தது, மறைந்தது. மாமா குமிழைத் திருகுகிறார், திருகுகிறார். என்னைக் கூப்பிடவில்லை. மேலே ஒரு பார்வைகூடப் பார்த்திருக்க மாட்டார். காதில் வாடிக்கையாளர், "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்கிறார்.

எனக்குக் கேட்டது. ரெண்டும் கேட்டுச்சு. ஒரு காதுல கன்டெய்னர், இன்னொரு காதுல ஒரு மனுஷன் சாகப்போறான்.

சுவிட்சை அணைத்தேன்.

திரையில் ஷர்மினி முகம் அப்படியே உறைந்து நின்றது. கீழே மழை நின்றது. அங்கிளின் ஓசை மட்டும், மெதுவாக, தளர்ந்து தளர்ந்து. நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். மாமாவின் முதுகு தெரிந்தது. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருக்கும். மாமா ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஃபோனை எடுத்தார். "தனம், கேள். அவன் ஆப்பரேஷன் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. காலை எடுக்கட்டுமாம். ஊசியை வலக்கையில குத்த வேண்டாம் எண்டுதான் பிடுங்கினவன். வலக்கை போனால் கதைக்க ஏலாது எண்டு அவனுக்குப் பயம். இடக்கையில குத்தட்டுமாம். அவ்வளவுதான். உடனே கொண்டுபோ."

அவ்வளவுதான்! மூன்று முறை பிடுங்கியது அதற்குத்தான். வலது கை அவருக்கு வாய். வாயில் ஊசி குத்தினால் யார்தான் பிடுங்க மாட்டார்கள்?

மாமா செட்டை அணைத்துவிட்டுத் திரும்பினார். படிக்கட்டில் நான் இருந்தேன். மறைய நேரமில்லை. என்னைப் பார்த்து, நேரே என்னைப் பார்த்து, "அவங்கள் வெளிக்கிட்டிட்டாங்கள். இனிப் போடு, பிள்ளை" என்றார்.

இனிப் போடு.

தெரியும். அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும்?

25 செப்டம்பர், புதன்

ஷர்மினி அழைத்தாள். நல்ல பெண், கோபப்படவில்லை. "ஏன்க்கா, நேத்து லைட்டு போயிடுச்சா?" இல்லை, நானே அணைத்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் குரலைத் தாழ்த்தினாள். "அத நான் எழுதினா இன்னும் மோசம்க்கா. லைன் அறுந்துச்சுன்னே எழுதுறேன். ஆனா மூணு மூணுதான். என் கையில இல்ல."

அங்கிளுக்கு நேற்று இரவே கால் எடுத்தாயிற்று. பிழைத்துவிடுவார் என்கிறார்கள். ஊசி இடது கையில்.

கிருபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையிலிருந்து. "அலமாக்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருக்கலாம்.

14 அக்டோபர், திங்கள்

நாலு மணிக்கு அலாரம். எழுந்து கீழே போனால் அடுப்படியில் விளக்கு எரிகிறது. மாமா கோப்பி கலக்கிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் மாமா அடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "குடிச்சிட்டுப் போ" என்றார். சீனி அதிகம். முழுக்கக் குடித்தேன்.

பாலத்தில் இரண்டே கால் மணி நேரம். நின்றேன். இடுப்பைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு நாலு நாள். வீட்டைத் துடைத்தோம். மாமாவின் ரேடியோ மேசையை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். இந்த வருடம் அவரே துணியை என் கையில் கொடுத்து, "அந்த மேசையையும் ஒருக்காத் துடைச்சு விடு, பிள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ரேடியோவுக்கு அடியில் அந்தக் கட்டம் போட்ட தாள். ஜூலை, ஆகஸ்ட். ஆகஸ்ட் ஒன்பதைச் சுற்றி வட்டம். பக்கத்தில் அவர் எழுத்தில்:

"சிங்கப்பூர் விடுமுறை. இரைச்சலும் விடுமுறை. மேலறைதான். பிள்ளைக்குத் தெரியுமோ தெரியாது. விஜயனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

அதற்குக் கீழே வேறு நாளில், வேறு பேனாவில்:

"ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னமே நிப்பாட்டுகிறாள். தெரிந்துதான் இருக்கிறாள். ஜன்னல் வழியாக வெளியால் வயர் இழுத்தால் ஒரு பின்னேர வேலை. ஆனால் நான் கண்டுபிடித்ததாக ஆகிவிடும், பிள்ளை கூனிப்போவாள். அவளாகச் சொல்லட்டும்."

ஒரு பின்னேர வேலை! முப்பத்தொரு வருடம் கேபிள் இழுத்த மனுஷனுக்குப் பயந்துகொண்டு, ஒரு கேபிள் இல்லாத குறையை நான் மறைத்திருக்கிறேன். நான் கூனிப்போவேன் என்று பயந்து அவர் மறைத்திருக்கிறார். மரியாதை, மரியாதை என்று ஆளுக்கொரு பக்கம் வாயைக் கட்டிக்கொண்டோம். நடுவில் ஒருவர் உயிர் போயிருக்கும்.

மேசையைத் துடைத்தேன். தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன். வெளியே போய், "மாமா, ஜூலையிலேயே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நானாகப் போய் அவரிடம் பேசிய முதல் பேச்சு. ஜம்பு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் அண்ணாந்து பார்த்தார். "எனக்கும் தெரியும். நானும் சொல்லேல்லை" என்றார். பிறகு, "ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறியோ?"

பிடித்தேன். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப்பாக, ஜன்னல் வழியாக வெளியே போய் மாடி வரை நீல வயர். எழுபத்தாறு வயதில் ஏணி ஏறுகிறார், திட்டவும் முடியவில்லை. சாமி அறைச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைப் பெட்டிகள் இரண்டையும் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

வயர் தயார். மேலறையில் ஆள்தான் இல்லை.

8 நவம்பர், வெள்ளி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

23 நவம்பர், சனி

தங்கராஜு அங்கிள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாள் ஆகிறது. பேச்சு பழையபடி பதினொன்றரைக்கே. ஷர்மினி ஜனவரியில் அனுமதிக்கு மறுபடி எழுதிப் போடச் சொல்கிறாள். பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கத் தெம்பில்லை.

இன்று ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா கூப்பிட்டார். "பிள்ளை, இங்க வா. தங்கராஜு உன்னட்ட ஒண்டு கேக்கிறான்."

தாளில் இரண்டு சொல். எந்தக் கை?

எனக்கு விளங்கவில்லை. "அண்டைக்குச் சுவிட்சை எந்தக் கையால நிப்பாட்டினாய் எண்டு கேக்கிறான்" என்றார் மாமா.

யோசித்துப் பார்த்தேன். வலது கையில் மவுஸ் இருந்தது. அதை விடவே இல்லை. "இடது கை, மாமா."

மாமா அனுப்பினார். பிறகு அந்த ஓசை, மெதுவாக, தெளிவாக. மாமா எழுத எழுத அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, என்ன என்று தெரியவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார்.

"குத்து வாங்குறது எப்பவும் எடது கைதான். அதுக்கு என் வணக்கத்த சொல்லு."

படித்தேன். மடித்த துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அங்கே போய்த்தான் அழுதேன், ஜன்னலில் நீல வயர் தெரிகிற அந்த அறையில். கீழே அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு இரைச்சலும் இல்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்கு எழ வேண்டும். கோப்பியில் சீனியைக் குறைக்கச் சொல்ல வேண்டும், நானே சொல்லிவிடுவேன்.